பனிக்கடலின் அடியில் வெப்பத்தை அளந்தவர்

வட துருவக் கடலின் பனிப்பரப்பு கடந்த பல தசாப்தங்களாகச் சுருங்கி வருகின்றது. வெயிலும் சூடான காற்றும் மேலிருந்து பனியை உருக்குகின்றன என்பதைப் பலரும் அறிவர். ஆனால், அந்தப் பனிக்கு அடியில், கடலின் ஆழத்திலும் பெருமளவு வெப்பம் தேங்கியுள்ளது என்பதை அறிந்தோர் சிலரே. மத்திய துருவக் கடலில் அந்த வெப்பத்தை முதன்முதலில் அளந்தவர் நோர்வே நாட்டவரான பிரிட்யோவ் நான்சன். அகதிகளின் காவலர் என்று உலகம் போற்றும் அதே நான்சனே அவர்.

1861 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் திகதி, இன்று ஒஸ்லோ என அழைக்கப்படும் கிறிஸ்டியானியா நகருக்கு அருகே நான்சன் பிறந்தார். விலங்கியல் பயின்ற அவர், நரம்பு மண்டலம் பற்றிய ஆய்வுக்காக 1888 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஐந்து தோழர்களுடன் கிறீன்லாந்தின் பனிமேட்டைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். பூச்சியத்திற்குக் கீழே 40 பாகையையும் தாண்டிய குளிரிலும் காலநிலைக் குறிப்புகளை எழுதுவதை அவர்கள் கைவிடவில்லை.

சைபீரியாவுக்கு வடக்கே 1881 இல் பனியில் நசுங்கி மூழ்கிய ஜெனற் என்ற கப்பலின் சிதைவுகள், மூன்று ஆண்டுகளின் பின்னர் கிறீன்லாந்துக் கரையில் கண்டெடுக்கப்பட்டன. அவ்வாறாயின் துருவக் கடலுக்குக் குறுக்கே ஒரு நீரோட்டம் இருக்க வேண்டும் என நான்சன் ஊகித்தார். பனி நெருக்கினாலும் நசுங்காது மேலெழும் வகையில் அடிப்பாகம் உருண்ட பிராம் என்னும் கப்பலைக் கட்டுவித்தார். அனுபவம் மிக்க துருவப் பயணிகள் பலர் அத்திட்டத்தை ஏற்கவில்லை. எனினும், 1893 ஜூன் மாதத்தில் பதின்மூவருடன் பிராம் புறப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அது பனியில் உறைந்து, நீரோட்டத்தின் போக்கில் நகரத் தொடங்கியது.

துருவக் கடல் ஆழமற்றது என்றே நான்சனும் நம்பியிருந்தார். ஆழம் பார்க்கக் கொண்டுசென்ற கயிறு போதவில்லை. கப்பலிலிருந்த உருக்கு வடத்தைப் பிரித்து நீண்ட கம்பியாக முறுக்கி இறக்கியபோது, ஆழம் 3,000 மீற்றரையும் தாண்டியது. வெப்பநிலை அளவீடுகள் தந்த வியப்பு அதனினும் பெரிது. மேற்பரப்பு நீர் பூச்சியத்திற்குக் கீழே ஒன்றரைப் பாகை செல்சியஸ் அளவில் இருந்தது. ஏறத்தாழ 200 மீற்றருக்குக் கீழே வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டி உயர்ந்தது. மேலும் ஆழத்தில் மீண்டும் குளிர்ந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வரும் சூடான நீர், உப்பு மிகுந்து கனமாக இருப்பதால், உப்புக் குறைந்த குளிர்நீரின் கீழே அமிழ்ந்து பரவுகின்றது என்பதை நான்சன் விளக்கினார்.

ஆழ்கடலின் வெப்பநிலையை அளப்பது எளிதன்று. சாதாரண வெப்பமானியை மேலே இழுக்கும்போது, இடையிலுள்ள நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப அதன் அளவு மாறிவிடும். இதற்கெனவே தலைகீழாகக் கவிழும் வெப்பமானி பயன்பட்டது. குறித்த ஆழத்தில் அதைக் கவிழ்த்தால் பாதரச இழை அறுந்து, அவ்விடத்து அளவு அப்படியே நின்றுவிடும்.

1895 மார்ச் மாதத்தில் ஜொஹான்சன் என்ற தோழருடன் நான்சன் கப்பலை விட்டு இறங்கி, பனிமீது நடந்து, வட அகலாங்கு 86 பாகையைக் கடந்தார். அதுவரை எவரும் அத்துணை வடக்கே சென்றதில்லை. கப்பலில் தங்கியோர் அளவீடுகளைத் தொடர்ந்தனர். 1896 ஓகஸ்ட் மாதத்தில் அனைவரும் உயிருடன் நாடு திரும்பினர்.

புகழின் உச்சியில் இருந்தபோதும் நான்சன் தமது அளவீடுகளை மீண்டும் சோதித்தார். ஆழ்நீரின் உப்புத்தன்மை பற்றிய பிராம் கணிப்புகள் உண்மையைவிட உயர்ந்திருந்ததைக் கண்டு, அதனை மறைக்காது வெளிப்படுத்தினார். கருவிகளைச் செம்மைப்படுத்தினார். அவர் உருவாக்கிய, கவிழும் நீர்ச்சேகரிப்புக் குப்பி பல தசாப்தங்கள் உலகெங்கும் ஆய்வுக் கப்பல்களில் பயன்பட்டது.

முதலாம் உலகப் போரின் பின்னர், சர்வதேச சங்கத்தின் சார்பில் நான்கு இலட்சத்திற்கும் அதிகமான போர்க்கைதிகளைத் தாயகங்களுக்கு அனுப்பும் பணியை அவர் ஏற்றார். 1921 இல் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகரானார். நாடிழந்தோருக்கு அவர் பெற்றுக்கொடுத்த ஆவணம் நான்சன் கடவுச்சீட்டு எனப் பெயர் பெற்றது. 1922 இல் நொபெல் சமாதானப் பரிசு அவரைத் தேடி வந்தது. 1930 மே 13 ஆம் திகதி அவர் காலமானார்.

அவர் கண்ட ஆழ்வெப்பம் இன்று விஞ்ஞானிகளின் கவலைக்குரியதாகியுள்ளது. குளிர்நீர்ப் படை ஒரு மூடியைப் போல அவ்வெப்பத்தைப் பனியிலிருந்து பிரித்து வந்தது. துருவக் கடலின் கிழக்கு ஐரோவாசியப் பகுதியில் அந்த மூடி நலிந்து, சூடான நீர் மேற்பரப்பை நெருங்குவதை அண்மைக் கால அளவீடுகள் காட்டுகின்றன. 2019 முதல் 2020 வரை ஜேர்மனியின் போலார்ஸ்டேர்ன் கப்பலும், பிராமைப் போலவே பனியில் உறைந்து மிதந்து ஆய்வு நடத்தியது.

மாற்றத்தை உணர்வதற்குப் பழைய அளவு வேண்டும். எதற்குப் பயன்படும் என்று அறியாமலே நேர்மையாகக் குறித்து வைக்கப்பட்ட ஓர் எண், நூற்றாண்டு கடந்தும் சாட்சி சொல்கின்றது. தன் பிழையையும் ஒளிக்காது குறித்தவரின் சாட்சியம் என்பதால் அதன் பெறுமதி மேலும் கூடுகின்றது. காலநிலை பற்றி முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளோர் மேற்பரப்பை மட்டும் பார்த்து அமைதியடைவது எத்துணை ஆபத்தானது என்பதை நான்சனின் வெப்பமானி அன்றே காட்டிவிட்டது.