கணக்கு நோட்டிலிருந்து பிறந்த மாடல்

மழை மாறினா எந்த நிலத்துல எந்தப் பயிருக்கு விவசாயி மாறுவார்னு கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல்கள் இன்னைக்கு நிறைய வந்துடுச்சு. இதுக்கெல்லாம் முப்பாட்டன் யார் தெரியுமா? கம்ப்யூட்டரையே பார்க்காத ஒரு விவசாயி!

அவர் பெயர் யோஹான் ஹைன்ரிச் வான் தூனன். 1783-ல் வடமேற்கு ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். விவசாயம் படித்தார், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் கொஞ்ச காலம் இருந்தார். 1810-ல் மெக்லென்பர்க் பகுதியில் டெல்லோ என்ற பண்ணையை வாங்கினார். அங்கேதான் கதை ஆரம்பம்.

விதை எவ்வளவு, கூலி எவ்வளவு, சந்தைக்கு வண்டி போய் வர என்ன செலவு என எல்லாத்தையும் வருஷக்கணக்கில் எழுதி வைத்தார். வண்டி இழுக்கும் குதிரை வழியில் தின்னும் தானியத்தைக்கூட விடலை! அந்தக் கணக்கிலிருந்து 1826-ல் 'தனித்த நாடு' என்ற நூல் வந்தது.

கற்பனை பண்ணிப் பாருங்க. ஒரு பெரிய சமவெளி, நடுவில் ஒரே நகரம். ஆறு இல்லை, மண் எங்கும் ஒரே தரம். அப்போ எல்லா இடத்திலும் ஒரே பயிர்தானே வரும்? இல்லை. நகரத்தை ஒட்டி காய்கறியும் பாலும். சீக்கிரம் கெட்டுப்போகும் இல்லையா? அடுத்த வளையம் காடு! விறகு கனமானது, தூரத்திலிருந்து கொண்டுவந்தா கட்டாது. அதுக்கு அப்புறம் தானியம், கடைசியில் கால்நடை. அதையும் தாண்டினா வெறும் காடு. மண் ஒன்றுதான், வண்டிச் செலவு போக எதில் அதிகம் மிஞ்சும் என்ற மனுஷன் முடிவுதான் நிலத்தின் முகத்தை மாத்துது. தானிய விலை இறங்கினா வளையம் சுருங்கும். கப்பல் போகும் ஆறு வந்தா அதன் கரையோரமா நீளும். இன்னைக்கு நாம அதே கணக்கில் மழையையும் வெப்பத்தையும் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

அவர் அதோடு நிற்கலை. விளைச்சலில் கூலியாளுக்கு நியாயமான பங்கு எவ்வளவு என்று யோசித்து ஒரு சூத்திரம் கண்டார்: வாழ்க்கைத் தேவையையும் உற்பத்தியையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்கணும். பொருளாதார அறிஞர்கள் பலர் அதை ஏற்கலை. ஆனா அவர் தன் பண்ணை ஆட்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்துக் காட்டினார். 1850-ல் டெல்லோவிலேயே இறந்தார். அந்தச் சூத்திரம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கு.

அடுத்த முறை ப்ராஜெக்டுக்கு மாடல் ஓட்டும்போது உங்களையே ரெண்டு கேள்வி கேளுங்க. உள்ளே போடும் எண்ணை யார் வயலில் அளந்தாங்க? வெளியே வரும் விடையில் அந்த வயலில் உழைக்கிறவருக்கு என்ன மிஞ்சும்?