சைக்கிள் டைனமோவில் பிறந்த கண்வில்லை

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வானொலி சைக்கிள் டைனமோவில்தான் இயங்கியது. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, அப்பா இரவுச் செய்தி கேட்பார். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். அதனால்தானோ என்னவோ, ஒட்டோ விக்தெர்லே என்ற செக் இரசாயனவியலாளரின் கதையை வாசித்தபோது அவர் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

1913இல் மொராவியாவின் புரோஸ்தியோவ் நகரில் பிறந்தவர். பிராக்கில் படித்து ஆய்வில் இருந்தபோது, 1939 நவம்பரில் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடினார்கள். ஸ்லின் நகரில் பாட்டா சப்பாத்துக் கம்பனியின் ஆய்வுகூடம் இடம் கொடுத்தது. நாங்கள் செருப்புக்கே பெயராக்கிக்கொண்ட அதே பாட்டாதான். அங்கே 1941இல் நைலோன் போன்றதொரு செயற்கை இழையை உருவாக்கினார். அதற்குப் பின்னர் வைத்த பெயர் சிலோன். எங்கள் தீவின் பழைய பெயர்போல ஒலிப்பது தற்செயல். 1942இல் கெஸ்டாப்போ பிடித்துச் சென்றது. சில மாதங்கள் சிறை.

யுத்தம் முடிந்து பேராசிரியரானார். 1952இல் ரயிலில் அருகிலிருந்தவருடன் செயற்கைக் கண் பற்றிப் பேச்சு வந்தது. உலோகத்தைவிட, உடலோடு ஒத்துப்போகும் நீர்ச்சத்துள்ள பொருள்தான் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அந்தப் பொருள்தான் நீர்க்கூழ்மம். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை இடையிடையே குறுக்காகப் பிணைத்தால் வலைபோல ஆகும். அது நீரில் கரையாது. நீரை உறிஞ்சி வீங்கும். பிணைப்புக் கூடினால் விறைக்கும், குறைந்தால் குழையும். அவர் தேர்ந்த கூழ்மத்தின் நிறையில் 40 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக நீர் இருந்தது; கண்ணாடிபோலத் தெளிவாகவும் இருந்தது. 1958இல் அரசியல் காரணங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டபோதும் வேலையை விடவில்லை. 1960இல் டிராஹோஸ்லாவ் லிம்முடன் அதை நேச்சர் இதழில் வெளியிட்டார்.

பொருள் சரி, வில்லை சரிவரவில்லை. அச்சிலிருந்து எடுக்கும்போது விளிம்பு கிழிந்தது. அதிகாரிகள் ஆய்வையே நிறுத்தினார்கள். 1961 கிறிஸ்மஸ் நாளில், பிள்ளைகள் திருகாணி பூட்டி விளையாடும் மெர்க்கூர் பெட்டியை எடுத்துத் தன் வீட்டிலேயே ஓர் இயந்திரம் கட்டினார். அதைச் சுழற்றியது சைக்கிள் டைனமோ. நாங்கள் சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் எடுத்தோம். அவர் கதவுமணி டிரான்ஸ்போமரிலிருந்து மின்சாரம் கொடுத்து டைனமோவைச் சுற்றவைத்தார். சுழலும் அச்சில் திரவம் விளிம்புக்கு ஏறி, நடுவில் குழிந்து, அப்படியே கூழ்மமாக உறைந்தது. அன்று கிடைத்தவை நான்கு வில்லைகள். பிறகு கிராமபோன் மோட்டார் பூட்டி, வைத்தியரான மனைவி லிண்டாவும் சேர்ந்து, 1962இன் முதல் நான்கு மாதங்களில் 5,500 வில்லைகள் செய்தார்கள்.

1965இல் அரசு காப்புரிமையை அமெரிக்கக் கம்பனியொன்றுக்கு விற்றது. அவரைக் கேட்கவில்லை. உலகம் கோடிகோடியாகச் சம்பாதித்ததில் அவருக்கு வந்தது சொற்பம். 1968இல் சீர்திருத்தம் கோரிய அறிக்கையில் கையெழுத்திட்டதற்காகப் பணிப்பாளர் பதவியும் போனது. ஆட்சி மாறிய பின், 1990இல், நாட்டின் விஞ்ஞானக் கழகத்துக்குத் தலைவரானார். 1998இல் காலமானார்.

ஷெல் துண்டு பட்ட அக்காவின் கண் பல வருடங்களாக உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருடம் கண் வைத்தியர் அதன்மேல் மெல்லிய வில்லையொன்றைக் கட்டுப்போல வைத்துவிட்டார். எரிவு குறைந்ததும் டைனமோக் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தப் பெடலை அதிகம் சுற்றியது தான்தான் என்று சண்டைக்கு வந்தாள்.