இடிக்காமல் ஊரைச் சீராக்க வழி சொன்னவர்: யார் இந்த பேட்ரிக் கெடிஸ்? ஸ்ரீமதுரைக்கு அவர் ஏன் தேவை?

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கத்தில் இருக்கிறது ஸ்ரீமதுரை. ஒரு பக்கம் முதுமலைக் காடு, மேட்டில் தேயிலையும் காபியும், பள்ளத்தில் நெல் வயல். இங்கே ஒரு வீடு கட்டணும், ஒரு ரோடு போடணும் என்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? மனையின் அளவையா, இல்லை மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையா?

2024 ஜூலை 30 அன்று, பக்கத்து மாவட்டமான வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு புதைந்தன. அதற்குப் பிறகு இந்த மலையில் யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாத கேள்வி இது.

நூறு வருஷத்துக்கு முன்பே இதே மாதிரிக் கேள்வியோடு தமிழகத்து ஊர்களில் தெருத்தெருவாக நடந்தவர் ஒருவர் உண்டு. அவர் கட்டடக்கலை படித்தவர் இல்லை, என்ஜினியரும் இல்லை. செடிகொடி ஆராய்ச்சிக்காரர். பெயர் பேட்ரிக் கெடிஸ். நகரத் திட்டமிடல் பள்ளிகளில் இன்றும் முதல் பாடங்களில் வரும் பெயர் இது.

கண் பார்வை போன நாட்கள்

1854 அக்டோபர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார் கெடிஸ். லண்டனில் பிரபல விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார்.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனவருக்குத் திடீரென்று பார்வை மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். ஜன்னல் சட்டங்களை விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விஷயத்தை மனதில் பொருத்திப் பார்த்தார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று யோசிக்கும் பழக்கம் அங்கேதான் வேரூன்றியது. பார்வை திரும்பினாலும், மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகப் பார்க்க முடியாமல் போனது. கவனம் மெல்ல மனிதர்கள் பக்கம் திரும்பியது.

1886-ல் அன்னா மார்ட்டனைத் திருமணம் செய்தார். கொஞ்ச நாளிலேயே இருவரும் எடின்பரோவின் நெரிசலான பழைய பகுதிக்குக் குடிபோனார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், முற்றத்தைச் சுத்தம் செய்தார்கள், காலி இடத்தில் தோட்டம் போட்டார்கள். 1888 முதல் டண்டீயில் தாவரவியல் பேராசிரியர் வேலை. ஆனால் மனசு முழுக்க ஊர் மேல்தான்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

மெட்ராஸ் கவர்னராக இருந்த பென்ட்லாண்ட் பிரபுவும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் அழைப்பின் பேரில் 1914-ல் கெடிஸ் இந்தியா வந்தார். அப்போது அவருக்கு 60 வயது. பல வருஷம் சேர்த்த வரைபடங்கள், படங்கள் அடங்கிய நகரக் கண்காட்சி தனியாகக் கப்பலில் வந்துகொண்டிருந்தது.

அது முதல் உலகப்போர் சமயம். செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் மீது குண்டு போட்ட அதே எம்டன் கப்பல், அக்டோபரில் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. கெடிஸின் கண்காட்சி மொத்தமும் அதில்தான் இருந்தது.

வேறு யாராவது என்றால் ஊருக்கே திரும்பியிருப்பார்கள். பிரிட்டனில் இருந்த நண்பர்கள் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் மெட்ராஸ் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி திறக்கப்பட்டது.

மதுரையிலும் தஞ்சையிலும் என்ன செய்தார்?

அந்தக் காலத்தில் நகராட்சிகளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நெரிசலா? நடுவில் நேர்கோடு போட்டு வீடுகளை இடி, அகல ரோடு போடு. வீடு இழந்தவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துத் தெருவுக்குத்தான். அங்கே நெரிசல் இரட்டிப்பாகும்.

கெடிஸ் இதை மாற்றிப் போட்டார். மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களின் சந்துகளில் தானே நடந்தார். எந்த வீடு உறுதி, எது பாழடைந்தது, கிணறு எங்கே, மரம் எங்கே, கோயில் எங்கே என்று குறித்தார். இடிந்து கிடக்கும் ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு அங்கே சிறு திறந்தவெளி, ஒரு மரம், சந்து கொஞ்சம் அகலம். அவ்வளவுதான். தோட்டக்காரர் பட்ட கிளையை மட்டும் வெட்டுவது மாதிரி. செலவும் பல மடங்கு குறைவு, தெருவில் நிற்கும் குடும்பங்களும் குறைவு.

நகரத் திட்டமிடல் படிப்பில் இன்றும் அடிப்படை விதி இதுதான்: முதலில் கள ஆய்வு, பிறகுதான் திட்டம்.

எலியும் தீபாவளியும்

இந்தூரில் பிளேக் பரவியபோது அவர் செய்தது இன்னும் சுவாரசியம். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்கள் நன்றாகச் சுத்தமாக இருக்கிறதோ அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவிக்க வைத்தார். ஊரே துடைப்பத்தோடு இறங்கியது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் பிளேக்கின் அடையாளமாக ராட்சத எலி பொம்மை. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையில், மரியாதையோடு நடந்தார்கள்.

யாருக்கும் தெரியாத துயரம்

1917 ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். அப்போது அன்னா இந்தியாவில் கடும் காய்ச்சலில் கிடந்தார். சொன்னால் தாங்கமாட்டார் என்று கெடிஸ் செய்தியை மறைத்தார். மகனின் பழைய கடிதங்களையே வாசித்துக் காட்டினார். ஜூனில், மகன் இறந்தது தெரியாமலேயே அன்னா கல்கத்தாவில் காலமானார்.

வேலையை மட்டும் அவர் விடவில்லை. 1919-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறைக்கு முதல் பேராசிரியர் ஆனார். அவர் தேர்ந்தெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பிய மாணவர் ஜி.எஸ்.குரியே, 1924-ல் துறைப் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் இந்திய சமூகவியலின் முன்னோடி என்று பெயர் எடுத்தவர் இவர்.

கெடிஸ் 1932 ஏப்ரல் 17 அன்று பிரான்ஸின் மான்பெலியேயில் இறந்தார். அவருடைய இந்திய அறிக்கைகளின் தொகுப்பை 1947-ல் ஜாக்குலின் டிர்விட் வெளியிட்டார். டெல்லியில் நகரத் திட்டமிடலுக்கென அரசுப் பள்ளி வந்தது 1955-ல்தான்.

சரி, ஸ்ரீமதுரைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

கெடிஸ் வரைந்த படங்களில் ரொம்பப் பிரபலமானது 'பள்ளத்தாக்கு வெட்டுமுகம்'. மலை உச்சியிலிருந்து கடல் வரை ஒரே கோடு. மேலே சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவர், வேட்டைக்காரர், ஆடு மேய்ப்பவர், கீழே உழவர், கடைசியில் மீனவர். நிலம் எப்படியோ தொழிலும் ஊரும் அப்படி. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று படித்த நமக்கு இது புதுசே இல்லை.

அந்தக் கோட்டைக் கூடலூர் மேல் போட்டுப் பாருங்கள். தேவாலாவில் 1880-களில் தங்கம் தோண்டினார்கள். காட்டையொட்டிக் காட்டுநாயக்கர், குறும்பர், பணியர். சரிவில் தேயிலை. பள்ளத்துச் சதுப்பு வயலில் வயநாடன் செட்டிகளின் நெல். அந்த வயல் நெல்லுக்கு மட்டும் இல்லை. மேலிருந்து வரும் மழையைத் தாங்கி, மெதுவாக விடும் தொட்டியும் அதுதான். அதை மண் போட்டு மூடிக் கட்டடம் எழுப்பினால் தண்ணீர் வேறு வழி தேடும்.

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாள் எந்தச் சரிவுக்கும் வரலாம்.

இங்கே விதிகள் இல்லாமல் இல்லை. மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கண்காணிக்க 'ஹாகா' எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை 1990-ல் தமிழக அரசு அமைத்தது. நீலகிரியும் அதில் அடக்கம். ஆனால் வரைபடத்தில் முத்திரை குத்துவது மட்டும் கள ஆய்வு ஆகிவிடாது. ஓடை எங்கே, யானை நடக்கும் வழி எது, எந்த மேடு மழையில் ஊறும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

கெடிஸ் இன்று ஸ்ரீமதுரைக்கு வந்தால் முதல் நாள் பேனாவை எடுக்கமாட்டார். வயல் வரப்பில் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு நடப்பார்.