சிறை வாயிலில் சிவா

கடத்தூரிலிருந்து அன்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்தார். அவருடைய தம்பி ஒரு வழக்கில் விசாரணைக் கைதியாகச் சேலம் மத்திய சிறையில் இருக்கிறான். அன்பர் இதுவரை எந்தச் சிறையின் வாயிலையும் மிதித்தவரல்லர். எதைக் கொண்டுபோவது, யாரிடம் மனுக் கொடுப்பது, என்ன பேசுவது என்று கேட்டார். வக்கீல் என்ற முறையில் தெரிந்ததைச் சொன்னோம். தீர்ப்புப் பெறாதவர் வெளியிலிருந்து ஆகாரமும் ஆடையும் படுக்கையும் பெறுவதற்கு 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் யாவும் அதிகாரிகளின் பரிசோதனைக்கும் அவ்விடத்து விதிகளுக்கும் உட்பட்டவை. ஆகையால் பலகாரப் பொட்டலத்துடன் போய் நின்று ஏமாறுவதைவிட முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். அடையாள அட்டை அவசியம். கைதியின் பெயர், தகப்பனார் பெயர், வழக்கு எண் இவற்றைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் முறை போகிறவருக்குப் பதற்றத்தில் சொந்தப் பெயரே மறந்துபோவதுண்டு.

இவ்வளவும் கேட்ட பின்னர் அன்பர் தயங்கித் தயங்கி மற்றொன்றையும் கேட்டார். ஊரார் அறிந்தால் மானக்கேடாயிற்றே. நேரில் போகாமல் வக்கீல் மூலமாகவே காரியத்தை முடித்துக்கொள்ளலாகாதா என்றார். இதற்குச் சட்டப் புத்தகத்தில் விடையில்லை. அவருடைய ஜில்லாவிலேயே உயிர் நீத்த சுப்பிரமணிய சிவாவின் சரித்திரத்தைத்தான் நாம் அவருக்குச் சொல்ல நேர்ந்தது.

சிவா 1884-ஆம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டில் பிறந்தவர். இளமையில் திருவனந்தபுரத்தில் தேசியப் பிரசங்கங்கள் செய்து, அந்த சமஸ்தானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அங்கிருந்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டு தூத்துக்குடியை அடைந்தார். ஸ்வதேசிக் கப்பல் கம்பெனியை நடத்திவந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அவரைத் தம் இல்லத்தில் வைத்து ஆதரித்தார். இருவரும் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றனர். 1908 மார்ச் 12-ந் தேதி இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது.

நீதிபதி பின்ஹே ஜூலை 7-ந் தேதி வழங்கிய தீர்ப்பை நம் போன்ற வக்கீல்கள் இன்றும் வியப்போடு படிக்கிறோம். ராஜத்துரோகத்திற்காகச் சிவாவுக்குப் பத்து வருஷத் தீவாந்தரம். பிள்ளைக்கோ, தாம் பேசியதற்கு இருபது வருஷம். சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு வேறொரு இருபது வருஷம்! விருந்தினரை ஆதரித்ததற்கு இவ்வளவு பெரிய விலையைக் கொடுத்த குடும்பஸ்தர் தமிழ்நாட்டில் வேறொருவர் உண்டோ என்பது சந்தேகம். ஹைக்கோர்ட்டு இருவர் தண்டனையையும் ஆறு வருஷமாகக் குறைத்தது.

பிள்ளை கோயமுத்தூரிலும் பின்னர் கண்ணனூரிலும் அடைபட்டார். கோயமுத்தூரில் அவரைச் செக்கிழுக்கச் செய்த கதை யாவரும் அறிந்தது. சிவா திருச்சியிலும் சேலத்திலும் இருந்தார். சேலம் சிறையில்தான் அவரைக் குஷ்டம் பற்றிற்று. கம்பளி ரோமத்தைச் சுத்தம் செய்யும் வேலையால் வந்தது அது என்பது ஜனங்கள் கூறும் கதை. அந்நோய் ஒரு கிருமியால் உண்டாவது என்று ஹான்ஸன் என்னும் வைத்தியர் 1873-லேயே கண்டுவிட்டார். ஆகவே ரோமத்தின்மீது பழி போடுவதற்கில்லை. ஆனால் சிறை நிர்வாகத்தை அதனால் குற்றமற்றதாக்கி விடுவதற்கும் நாம் தயாராயில்லை. உடல் தேய உழைப்பித்து, நோய் கண்ட பின்னும் தக்க சிகிச்சையின்றி வைத்திருந்தது யார்? இன்று மருந்தால் குணமாகும் அந்த வியாதிக்கு அன்று பரிகாரம் இல்லை, ஒதுக்கிவைத்தலே இருந்தது.

1912 நவம்பர் 2-ந் தேதி சிவா விடுதலையானார். வயது இருபத்தெட்டு. பிள்ளை விடுதலையானது டிசம்பர் 24-ந் தேதி. கப்பல் விட்டவர் என்று ஊரெங்கும் கொண்டாடிய ஜனக்கூட்டம் அன்று கண்ணனூருக்கு வரவில்லை. வாயிலில் காத்து நின்றவர் சிவா என்றும், நோயால் உருமாறியிருந்த நண்பரைப் பிள்ளை முதலில் அடையாளம் காணவில்லை என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சிறையிலிருந்து வெளிவந்து ஐம்பத்திரண்டு நாளே ஆன ஒரு நோயாளி, மலையாளக் கரையிலுள்ள வேறொரு சிறையின் வாயிலை நாடிப் போனார் என்பதே நமக்குப் போதும். அவர் கையில் பணமில்லை; கொண்டுபோகப் பலகாரமுமில்லை. உள்ளே இருப்பவனுக்கு வெளியே நிற்கும் ஒரு முகம் என்ன பொருள் தரும் என்பதை மட்டும் அவர் அறிந்திருந்தார்.

பின்னர் சென்னையில் ஞானபாநு என்ற பத்திரிகையை நடத்தினார். பாரதியார் அதில் எழுதினார். ரயிலில் ஏறலாகாது என்று தடுக்கப்பட்டபோது கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர்களுக்குச் சென்றார். ஒத்துழையாமைக் காலத்தில் மீண்டும் சிறை. தருமபுரிக்கு அப்பாலுள்ள பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். அங்கே எழுப்ப எண்ணிய பாரதமாதா கோயிலுக்கு 1923-ல் சித்தரஞ்சன தாஸ் அஸ்திவாரமிட்டார். கோயில் எழுவதைக் காணாமலே, 1925 ஜூலை 23-ந் தேதி, நாற்பதாம் வயதில் அங்கேயே காலமானார். அப்பொழுது பாப்பாரப்பட்டியும் கடத்தூரும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தன.

அன்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் தாயாரும் வர விரும்புவதாகவும், அவருக்கும் அட்டை வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டும் என்றோம். பொம்மிடியில் காலை ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு புறப்பட்டார்.