கடுகளவு கண்ணாடி

விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக நுண்ணோக்கியில் கண் பதித்த நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். குளத்து நீரின் ஒரு துளியில் ஓர் உலகமே ஓடித் திரிவதைக் கண்டு வியந்தோம். நமக்கென்று ஒரு நுண்ணோக்கி இருந்தால் விடுமுறையிலும் பார்க்கலாமே என்ற ஆசை அன்றே பலருக்கு எழுந்திருக்கும். கடையில் விலை கேட்டதும் அந்த ஆசை அடங்கியும் போயிருக்கும். அவ்வாறு ஆசை அடங்கிப் போனவர்கள் அவசியம் அறிய வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அதுவே ஆலந்து நாட்டுத் துணி வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹூக்கின் வாழ்க்கை.

1632-ஆம் ஆண்டு அக்டோபர் 24-இல், டெல்ஃப்ட் என்னும் சிறு நகரில் கூடை முடைபவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பல்கலைக்கழகத்தின் வாயிற்படியை அவர் மிதித்ததே இல்லை. அக்கால அறிஞர்களின் மொழியாக விளங்கிய இலத்தீனும் அவருக்குத் தெரியாது. பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாம் நகரத் துணிக்கடை ஒன்றில் தொழில் பழகச் சென்றார். 1654-இல் ஊர் திரும்பி மணம் முடித்துச் சொந்தக் கடை வைத்தார். 1660-இல் நகர மன்ற அறையைப் பராமரிக்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. முதல் மனைவிக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் மரியா என்ற மகள் ஒருத்தியே பிழைத்தாள். மனைவியும் 1666-இல் மறைந்தார்.

நூலிழைகளை எண்ணி நெசவின் தரம் காண, அக்காலத் துணி வணிகர்கள் உருப்பெருக்குக் கண்ணாடி வைத்திருப்பது வழக்கம். துணியைப் பார்த்துப் பழகிய கண் பிறகு எதையும் விட்டு வைக்கவில்லை. ஆனால் எந்தக் கருவியைக் கொண்டு பார்ப்பது? நமக்கு எழும் அதே கேள்வி அவருக்கும் எழுந்தது.

இரண்டு வில்லைகளைக் குழாயில் பொருத்திய கூட்டு நுண்ணோக்கி அப்போதே இருந்தது. இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் அத்தகைய கருவியால் கண்டவற்றைப் படங்களுடன் 1665-இல் பெருநூலாக வெளியிட்டிருந்தார். பார்வைக்கு அது கம்பீரமான கருவிதான். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. முதல் வில்லை உண்டாக்கும் நிறக்கலப்பையும் மங்கலையும் இரண்டாம் வில்லை மேலும் பெரிதாக்கிக் காட்டியது. உருவம் பெருத்ததேயன்றித் தெளிவு பெருகவில்லை.

லீவன்ஹூக் ஒற்றை வில்லையைத் தேர்ந்தார். இரண்டு சிறு பித்தளைத் தகடுகள், அவற்றின் நடுவே கடுகளவு வில்லை, பார்க்கும் பொருளைக் குத்தி வைக்க ஓர் ஊசி, அதை நகர்த்தச் சில திருகுகள். கருவி முழுவதும் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைக் கண்ணருகே பிடித்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். வில்லை சிறுக்கச் சிறுக்க அதன் குவியத் தொலைவு குறையும்; குவியத் தொலைவு குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும். இன்று எஞ்சியிருப்பவற்றுள் யூட்ரெக்ட் நகரில் உள்ள ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டவல்லது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது அல்லவா!

1673-இல் டி கிராஃப் என்ற மருத்துவரின் பரிந்துரையால் அவருடைய முதல் கடிதம் இலண்டன் இராயல் கழகத்தை அடைந்தது. மறு ஆண்டு ஏரி நீரில் சின்னஞ்சிறு உயிர்களைக் கண்டார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்றறிய மிளகைத் தண்ணீரில் ஊற வைத்தார். காரத்தின் காரணம் புலப்படவில்லை. ஆனால் அதுவரை மனிதக் கண் கண்டிராத பாக்டீரியாக்கள் அந்த நீரில் தென்பட்டன. 1676-இல் அதைக் கழகத்துக்கு எழுதினார்.

அறிஞர்கள் நம்பவில்லை. இலத்தீன் அறியாத துணிக்கடைக்காரரின் சொல்லை எப்படி நம்புவது? கழகத்தில் முதலில் செய்த சோதனைகளில் எதுவும் தென்படவில்லை. லீவன்ஹூக் சினம் கொள்ளவில்லை. மதகுருமார் உள்ளிட்ட எட்டுப் பேரை அழைத்துத் தம் கருவியில் பார்க்கச் செய்து, அவர்களின் சான்றுகளை அனுப்பி வைத்தார். 1677 நவம்பரில் ஹூக்கே அந்த உயிர்களைக் கண்டு கழகத்தாருக்கும் காட்டினார். 1680-இல் கழகம் அவரை உறுப்பினராக்கிப் பெருமை கொண்டது. அதன் கூட்டம் ஒன்றிற்குக்கூட அவர் சென்றதில்லை.

நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்கும் தம் பல்லிடுக்கு அழுக்கிலேயே உயிர்கள் நெளிவதை 1683-இல் எழுதினார். 1698-இல் இரசியப் பேரரசர் பீட்டருக்கு விலாங்கு மீனின் வாலில் இரத்தம் ஓடுவதைக் காட்டினார். ஐம்பது ஆண்டுகள் ஓயாது கடிதம் எழுதி, 1723 ஆகஸ்ட் 26-இல், 90-ஆம் வயதில் கண் மூடினார்.

அவரிடமும் ஒரு குறை உண்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வில்லைகளைச் செய்தவர், தம் சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையை எவருக்கும் சொல்லித் தரவில்லை. கழகத்துக்கு விட்டுச் சென்ற 26 வெள்ளிக் கருவிகளும் பிற்காலத்தில் காணாமற்போயின. அவர் கண்ட மிகச் சிறிய உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி, நல்ல கூட்டு நுண்ணோக்கிகள் தோன்றிய 19-ஆம் நூற்றாண்டு வரை பெரிதும் தேங்கியே நின்றது. 2021-இல் யூட்ரெக்ட் கருவியைப் பிரிக்காமலேயே நியூட்ரான் கதிர்களால் ஆராய்ந்தனர். உள்ளே இருந்தது, கண்ணாடி இழையைத் தீயில் உருக்கிச் செய்த சிறு மணி! அந்த முறையை ஹூக் 1665-இலேயே அச்சிட்டிருந்தார். அச்சில் எல்லார் கண்ணிலும் பட்ட ஒரு செய்தியே ஆண்டு பல இரகசியமாக எண்ணப்பட்டது. மற்றவர்களிடம் இல்லாதது கண்ணாடி அன்று, பொறுமை.

முதல் நுண்ணோக்கி வாங்க எண்ணுவோர்க்கு இவ்வாழ்க்கை தரும் பாடங்கள் தெளிவானவை. பெட்டியின் மேல் ஆயிரம் மடங்கு என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பொம்மையைக் கண்டு மயங்க வேண்டா. தெளிவில்லாத பெருக்கம் வெறும் மங்கலே. குளத்து நீரைக் காண 40 முதல் 400 மடங்கு வரை போதும். கண்ணாடி வில்லை, ஆடாத தாங்கி, சீரான வெளிச்சம் ஆகிய மூன்றும் இருந்தால் பழைய கருவியும் நன்றே. அதற்கும் வசதியில்லையெனில், இந்தியாவில் பிறந்த மனு பிரகாஷ் அமெரிக்காவில் தம் குழுவினருடன் உருவாக்கி 2014-இல் வெளியிட்ட காகித நுண்ணோக்கி இருக்கிறது. ஒரு சிறு கண்ணாடி மணிதான் அதற்கும் கண். டெல்ஃப்ட் வணிகரின் வழியே இன்று காகிதத்தில் நடக்கிறது.

நண்பர்களே, கையில் பத்து மடங்கு காட்டும் கைவில்லை ஒன்றே இருந்தாலும் இன்றே தொடங்குவோம். கண்டதைக் குறித்து வைப்போம். அவர் செய்யத் தவறியதையும் சேர்த்துச் செய்வோம். கற்றதை அடுத்தவருக்கும் காட்டுவோம்.