அமானிதம் காத்த வக்கீல்: பாரிஸ்டர் ஆசஃப் அலி

 

வக்கீல் என்பது அரபுச் சொல். ஒருவர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்கும்போது அப்பொறுப்பை ஏற்பவரே வக்கீல். நிக்காஹ் மஜ்லிஸில் மணப்பெண்ணின் சார்பில் பேசுபவரையும் இப்பெயராலேயே அழைக்கிறோம். ஆயினும் நீதிமன்றத்தில் வாதாடும் தொழிலைப் பொய்யோடு கலந்ததென்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். முன்பு நாமும் அவ்வாறு எண்ணியதுண்டு. அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ளச் செய்யும் வாழ்க்கை மர்ஹூம் ஆசஃப் அலி அவர்களுடையதாகும்.

அன்னார் 1888-ஆம் ஆண்டு இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்திலுள்ள சியோஹாராவில் பிறந்தார்கள். டெல்லி புனித ஸ்டீபன் கல்லூரியில் பயின்றபின் லண்டன் சென்று, லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார்கள். தாயகம் திரும்பி டெல்லியில் வக்கீல் தொழில் நடத்தியதோடு விடுதலைப் போரிலும் இறங்கினார்கள்.

1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டசபையில் பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் குண்டு வீசிக் கைதாயினர். ஆங்கில அரசின் கடுஞ்சினத்திற்கு ஆளான அவ்விளைஞர்களுக்குச் சட்டத்துணையாய் நின்றவர் ஆசஃப் அலி அவர்களே. அவ்விருவரும் அவர்தம் மார்க்கத்தைச் சார்ந்தவரல்லர். எனினும் நீதி கோரி நிற்பவருக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட நெறியாயிருந்தது.

பின்னர் டெல்லியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்வு பெற்றார்கள். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியதும், மௌலானா ஆசாத், நேரு ஆகியோருடன் அஹ்மத்நகர் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார்கள். தலைவர்கள் கைதான ஆகஸ்ட் 9 அன்று பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் கொடியேற்றிய வீராங்கனை அருணா ஆசஃப் அலி அவர்தம் துணைவியாராவார்.

சிறை மீண்டபின் அன்னாரைப் பெரும் பொறுப்பொன்று எதிர்நோக்கியிருந்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சார்ந்த ஷாநவாஸ் கான், பிரேம்குமார் ஸேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீதும், பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. மூவரும் முறையே முஸ்லிம், இந்து, சீக்கியர். 1945 நவம்பரில் விசாரணை தொடங்கிய இடம் டெல்லி செங்கோட்டை. பகதூர்ஷா ஜஃபர் 1858-இல் விசாரிக்கப்பட்டதும் அங்கேதான். பூலாபாய் தேசாய் தலைமையேற்று வாதாட, எதிர்வாதக் குழுவின் அமைப்பாளராக ஆசஃப் அலி அவர்கள் பணியாற்றினார்கள். ஆயுள் முழுதும் நாடுகடத்தும் தண்டனை விதிக்கப்பட்டும், நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பால் 1946 ஜனவரியில் அது ரத்தாகி மூவரும் விடுதலையாயினர்.

1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் ரயில்வே, போக்குவரத்துப் பொறுப்பை ஏற்றார்கள். 1947 பிப்ரவரியில் அமெரிக்காவுக்கான முதல் இந்தியத் தூதரானார்கள். நாடு விடுதலை பெற்ற நாளிலும், பிரிவினையின் இரத்தக்களரி நடந்த மாதங்களிலும், இந்தியாவின் சார்பில் வாஷிங்டனில் பேசும் பொறுப்பு ஒரு முஸ்லிமிடம் இருந்தது. அவர்தம் அரசியல் வழியை அக்கால முஸ்லிம்களுள் பலர் ஏற்கவில்லை என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும் தாம் ஏற்ற அமானிதத்தைக் கைவிடாது நின்றார்கள்.

1948 முதல் 1952 வரை, அக்காலத்தில் ஒரிஸ்ஸா எனப்பட்ட ஒடிசாவின் ஆளுநராகப் பணியாற்றி, பின்னர் சுவிட்சர்லாந்தில் இந்தியத் தூதுவரானார்கள். 1953 ஏப்ரலில், பணியிலிருந்தபோதே பெர்ன் நகரில் வஃபாத்தானார்கள். 1989-இல் இந்திய அஞ்சல்துறை அவர்கள் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த முஸ்லிம்களுக்காக நஜ்ஜாஷி மன்னரின் அவையில் எழுந்து பேசிய ஜஅஃபர் (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் மிம்பரில் பலமுறை கூறியிருக்கிறோம். அந்தச் சபையில் அவர்கள் வக்கீலாகவும் தூதராகவும் ஒருசேர நின்றார்கள். அப்படியிருக்க, இத்தொழில் தீனுக்கு அந்நியமானதென்று எவ்வாறு கூறவியலும்?

இன்று வக்ஃபு நிலத்துக்கு வழக்கென்றால், கைதான ஏழை ஒருவனுக்கு ஜாமீன் வேண்டுமென்றால், நாம் பிறர் வாசலில் காத்து நிற்கிறோம். நம் பிள்ளைகளை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அனுப்புவதுபோல் சட்டக் கல்லூரிக்கும் அனுப்புவோமாக. அவர்கள் நம்மவருக்கு மட்டுமன்றி, நீதி கேட்டு வரும் எவருக்காகவும் உண்மையோடு வாதாடட்டும்.

அல்லாஹ் நம் சந்ததிகளை நீதிக்குச் சாட்சி பகர்வோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.