மறைநூலே அளவுகோல்: இரேனியஸ் வரலாறு

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் பனவடலிசத்திரம். இவ்வட்டாரம் முதல் தெற்கே கடற்கரைத் தேரிக்காடு வரை, சிற்றூர்தோறும் ஒரு கோயிலும் அதனருகே ஒரு பள்ளியும் காணப்படுவது நெல்லைச் சீமையின் இயல்பு. கோயிலையும் பள்ளியையும் இணைத்தே நிறுவும் இவ்வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மண்ணில் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் இரேனியஸ்.

இவர் 1790இல் பிரஷ்யா நாட்டில் பிறந்தவர். பெர்லினில் சமயக் கல்வி பயின்று, லுத்தரன் திருச்சபை முறைப்படி குருப்பட்டம் பெற்றவர். இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கம் இவரைப் பணியில் அமர்த்தி அனுப்ப, 1814இல் சென்னை வந்து சேர்ந்தார். ஜெர்மானியக் குருவை ஆங்கிலேயச் சங்கம் தயக்கமின்றி ஏற்றுக்கொண்ட காலம் அது. பின்னாளில் எழுந்த பூசலுக்கான வித்து அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு மாறிய இரேனியஸ், தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார்.

பாளையங்கோட்டையில் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் பல்லாண்டுகள் தமிழ் கற்றார். அக்கல்வியின் பயனை இவருடைய நூல்களில் காணலாம். பூமி சாஸ்திரம் என்னும் புவியியல் நூலை 1832இல் வெளியிட்டார். 1836இல் ஆங்கிலத்தில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். ஆயினும் இவர் மிகுதியாக உழைத்தது விவிலிய மொழிபெயர்ப்பிலேயாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியஸ் செய்திருந்த மொழிபெயர்ப்பு மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியது. எனவே தமிழ் நடை பல இடங்களில் இடறியது. தமிழர் இயல்பாகப் பேசி எழுதும் தொடரமைப்பில் பொருள் விளங்க வேண்டும் என்று இரேனியஸ் கருதினார். மொழிபெயர்ப்பு நெறிகள் குறித்து 1827இல் தனிக் கட்டுரையும் வரைந்தார். இவருடைய புதிய ஏற்பாடு அச்சேறியது; பழைய ஏற்பாட்டுப் பணி நிறைவுறவில்லை.

மொழிபெயர்ப்பில் இவர் காட்டிய இந்த முனைப்புக்குப் புலமை வேட்கை மட்டுமே காரணமன்று. கிறித்தவர் ஒருவர் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்வதா விடுவதா என்பதை மறைநூலைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்பது இவரது உறுதி. அங்ஙனமாயின், அந்நூல் உழவரும் பனையேறுவோரும் கேட்டவுடன் உணரும் மொழியில் இருத்தல் வேண்டும். விளங்காத நூல் எவ்வாறு அளவுகோலாகும்?

அந்த அளவுகோலைத் தம்மைச் சூழ்ந்திருந்த சமூகத்தின்மீது முதலில் வைத்தார். தஞ்சையிலும் பிற இடங்களிலும் முந்தைய குருமார் பலர் சாதி வேறுபாட்டை நாட்டு வழக்கமெனக் கருதிச் சபைக்குள்ளும் பொறுத்துக்கொண்டனர். இரேனியஸ் அதனை ஏற்கவில்லை. தம் பொறுப்பிலிருந்த மாணவர் விடுதியில் அனைவரும் வேறுபாடின்றி உண்ண வேண்டும் என்றார். எதிர்ப்பு எழுந்தபோதும் பின்வாங்கவில்லை. பெண்கல்விக்கும் வழிவகுத்தார். மதம் மாறியதால் வீடும் நிலமும் இழந்தோர்க்காக 1830இல் தரும சங்கத்தை நிறுவி, நிலம் வாங்கிக் குடியிருப்புகள் அமைக்கச் செய்தார். ஜெர்மானியப் பிரபுவான டோனாவின் பொருளுதவியால் உருவான டோனாவூர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சபைகள் பெருகின, மக்கள் தொகை பதினாயிரத்தைக் கடந்தது. அவர்களுக்கு ஞானமுழுக்கும் திருவிருந்தும் வழங்கத் தமிழ்க் குருமார் தேவைப்பட்டனர். தம்மிடம் பயின்ற உபதேசியார்களுக்குத் தாமும் உடன் ஊழியரும் குருப்பட்டம் அளிக்கலாம் என இரேனியஸ் எண்ணினார். சங்கமோ, ஆங்கிலத் திருச்சபையின் ஆயர் வழியாகவே பட்டம் பெற வேண்டும் என வற்புறுத்தியது. சாதி வழக்கத்தை எந்த நூலைக் கொண்டு மறுத்தாரோ, அதே நூலைக் கொண்டு இவ்விதியையும் ஆராய்ந்தார். மூப்பரின் மேல் ஆயர் என்னும் தனி அதிகாரப் படியை அந்நூலில் அவர் காணவில்லை. 1834இல் ஆங்கிலத் திருச்சபை முறைகளைப் போற்றி வெளிவந்த நூலொன்றுக்குக் கடுமையான மறுப்புரை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு சங்கம் இவரைப் பணியிலிருந்து நீக்கியது.

ஊதியமும் ஆதரவும் அளித்துவந்த திருச்சபையைப் பொதுவெளியில் கண்டித்தவரை அச்சங்கம் தொடர்ந்து வைத்திருக்க இயலாது என்பதும் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் தம் மனச்சான்றை மறைத்துப் பணியில் நீடிக்க இரேனியஸ் விரும்பவில்லை. 1835இல் பாளையங்கோட்டையை விட்டு ஆர்க்காட்டுக்குச் சென்றார். எனினும் உடன் ஊழியரும் சபையாரும் வேண்டி அழைக்க, சில மாதங்களிலேயே திரும்பிவந்து சங்கத்தைச் சாராமல் பணியாற்றினார்.

அவர் திரும்பியதற்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. ஒரே ஊரின் கிறித்தவர்கள் சங்கத்தின் பக்கமும் இரேனியஸின் பக்கமுமாகப் பிரிந்தனர். தாம் உருவாக்கிய சபைகள் தம் கண்முன்னே இரண்டானதைக் கண்டபோதும் அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

1838 ஜூன் 5 அன்று இரேனியஸ் பாளையங்கோட்டையில் காலமானார்; அகவை நாற்பத்தேழு. அவருக்குப்பின் உடன் ஊழியர்கள் சங்கத்துடன் மீண்டும் இணைந்தனர், பிளவு ஆறியது. பிற்காலத்தில் ஹென்றி பவர் தலைமையில் தமிழ் விவிலியத்தைத் திருத்திய குழுவினர், பப்ரிசியஸின் மொழிபெயர்ப்போடு இரேனியஸின் மொழிபெயர்ப்பையும் தம் மேசைமேல் வைத்தே பணிசெய்தனர்.